அளந்து பார்க்கும் கை

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது அவற்றை எண்ணி மகிழ்வது வழக்கம். நானும் ஒரு முறை எண்ணினேன். ஆனால் இறங்கும்போது எண்ணியதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. ஒவ்வொரு வளைவிலும் என் இடுப்பில் ஒரு கத்தி திரும்பியது போல் இருந்தது. அந்தப் பயணம் எனக்குக் கற்றுத் தந்த பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளன். சில ஆண்டுகளுக்கு முன்பு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களுடன் கொல்லிமலையில் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தேன். சாமையும் கேழ்வரகும் விளையும் ஊர். விறகுக் கட்டையும் தானிய மூட்டையையும் தலையில் சுமந்து பெண்கள் மேடு ஏறுவதை நாள்தோறும் கண்டோம். மூன்றாம் நாள், தரையில் கிடந்த சாமை மூட்டை ஒன்றை நானே தூக்கிக் காட்டுகிறேன் என்று முன்வந்தேன். இருபது கிலோ இருக்கும். முழங்காலை மடக்காமல், கைகளை நீட்டி, இடுப்பை வளைத்துத் தூக்கினேன். சுரீர் என்றது. மூட்டை கீழே விழுந்தது. நிமிர முடியாமல் நானும் அதன் பக்கத்திலேயே அமர்ந்துவிட்டேன்.

நெம்புகோலைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் ஒருவனுக்கு இப்படி ஒரு தண்டனை! கணக்கைப் பாருங்கள். இருபது கிலோ மூட்டையின் எடை ஏறத்தாழ 200 நியூட்டன். அது என் இடுப்பு முள்ளெலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் தொங்கியது. முதுகுத் தசைகளோ அந்த எலும்பிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே பின்னால் உள்ளன. இரு பக்கத்துத் திருப்புத்திறனும் சமமாக வேண்டுமானால், தசைகள் 200 × 40 ÷ 5, அதாவது 1,600 நியூட்டன் விசையோடு இழுக்க வேண்டும். அது 160 கிலோ எடைக்குச் சமம்! வளைந்த என் உடலின் எடையை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவேயில்லை. மூட்டையை உடலோடு அணைத்து, 20 செ.மீ. தொலைவில் வைத்துத் தூக்கியிருந்தால் இந்த விசை பாதியாகக் குறைந்திருக்கும். தலையில் வைத்துச் சுமக்கும்போது சுமை உடலின் அச்சின்மேல் நேராக நிற்கிறது. அதனால் திருப்புத்திறன் மிகக் குறைவு. ஆனால் கழுத்து எலும்புகள் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். அம்மலைப் பெண்கள் பாடநூல் படிக்காமலே அறிந்திருந்ததை, பாடநூலை நடத்தும் நான் மறந்திருந்தேன்.

ஊரார் கூடிவிட்டனர். ஒரு பாட்டி சொன்னார்: "வாத்தியாரய்யா, இது வாயுப் பிடிப்பு. காலால பொறந்த ஆளு ஒருத்தன் இருக்கான். வந்து ரெண்டு மிதி மிதிச்சான்னா ஓடிப் போயிடும்."

பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளிவந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு நீங்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. ஆளும் வந்தார். நான் மறுத்துவிட்டேன். அறிவியல் துணிவினால் அன்று. அவருடைய உருவத்தைக் கண்ட அச்சத்தினால்! பின்னர் அந்தப் பாட்டியே சூடான உப்பு ஒத்தடம் கொடுத்தார். சற்று இதமாக இருந்தது. மறுநாள் பேருந்தில் எழுபது வளைவுகளையும் கடந்து சமவெளிக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் கேள்விகள்

என்னைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், அதாவது இயன்முறை மருத்துவர், என் மாணவிகளின் வயதை ஒத்த ஓர் இளம்பெண். உடனே முதுகை அழுத்தத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். வலி எப்போது வந்தது? எவ்வாறு வந்தது? எந்த அசைவில் கூடுகிறது? எதனால் குறைகிறது? இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? காய்ச்சல் உண்டா? உடல் எடை காரணமின்றிக் குறைந்ததா? காலில் மரமரப்போ வலுக்குறைவோ உண்டா? சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா?

இடுப்பு வலிக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு என்று நான் வியந்தேன். முதுகெலும்புக் குழாயின் கீழ்ப்பகுதியில் குதிரை வால் போன்ற ஒரு நரம்புக்கற்றை உள்ளது. அது நெருக்கப்பட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு கெடும். தொடைகளின் உட்புறம் மரத்துப்போகும். அது அவசர அறுவை மருத்துவத்திற்குரிய நிலை. அப்படிப்பட்டவரை அழுத்தவும் கூடாது, முறுக்கவும் கூடாது. 'நான் தொடக்கூடாத நோயாளி இவரா?' என்பதே அந்தக் கேள்விகளின் முதல் நோக்கம் என்று அவர் விளக்கினார்.

அடுத்துச் சோதனைகள் தொடங்கின. முதலில் நானே வளைந்தும் நிமிர்ந்தும் காட்டினேன். பிறகு என் தசைகளைத் தளர்த்தச் சொல்லி, அவர் தம் கையால் அசைத்துப் பார்த்தார். பிறகு அசையாமல் நிற்கச் சொல்லி, அவர் தள்ள, நான் எதிர்த்துத் தாங்கினேன். இம்மூன்றுக்கும் என்ன வேறுபாடு? இலண்டனில் பணியாற்றிய ஜேம்ஸ் சிரியாக்ஸ் (1904–1985) என்னும் மருத்துவர் வகுத்த தருக்கம் இது. தசையும் தசைநாணும் சுருங்கி இழுப்பவை. மூட்டுறையும் எலும்புகளைப் பிணைக்கும் இணைப்பிழைகளும் தாமாகச் சுருங்காதவை. மூட்டு அசையாதிருக்கும்போது எதிர்த்துத் தள்ளினால், பெரும்பாலும் தசையும் தசைநாணுமே வேலை செய்கின்றன. அப்போது வலித்தால் ஐயம் அவற்றின்மேல் விழும். தளர்ந்த நிலையில் பிறர் அசைக்கும்போது மட்டும் வலித்தால் ஐயம் மூட்டுறையின்மேலும் இணைப்பிழையின்மேலும் விழும்.

மாணவர்களே, இது உங்களுக்குப் பழக்கமான முறைதான் அன்றோ? மின்சுற்றில் விளக்கு எரியவில்லை என்றால் என்ன செய்கிறோம்? மின்கலம், கம்பி, சாவி, விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கிறோம். மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். அந்த இளம்பெண் என் உடலில் செய்ததும் அதுவே.

பின்னர் மல்லாந்து படுக்கச் செய்து, முழங்காலை மடக்காமல் என் காலை மெல்ல உயர்த்தினார். கோணமானியால் கோணத்தைக் குறித்துக்கொண்டார். முதுகில் வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால், கால் உயர உயர அந்நரம்பு இழுபட்டு, வலி முழங்காலுக்குக் கீழே மின்னல் போல் ஓடும். எனக்கு அப்படி ஓடவில்லை. சிறு சுத்தியலால் முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் தட்டினார். அனிச்சைச் செயல்கள் சரியாக இருந்தன. கால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி, அதைத் தம் விரலால் அழுத்திப் பார்த்தார். இவ்வளவும் முடிய அரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை சிகிச்சை என்று எதுவும் தொடங்கவில்லை!

புவியீர்ப்பே எடைக்கல்

அந்தக் கட்டைவிரல் சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. தசையின் வலிமையைக் கையாலே அளந்து, 0 முதல் 5 வரை எண் கொடுக்கும் முறை அது. தசை சிறிதும் அசையவில்லை என்றால் 0. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. புவியீர்ப்பை எதிர்க்க வேண்டாத வகையில், படுக்கைவாட்டில் மட்டும் அசைக்க முடிந்தால் 2. புவியீர்ப்பை எதிர்த்து உயர்த்த முடிந்தால் 3. சோதிப்பவரின் கையழுத்தத்தையும் ஓரளவு தாங்கினால் 4. இயல்பான வலிமை இருந்தால் 5.

இவ்வளவின் அழகைக் கவனியுங்கள். நடுவில் நிற்கும் 3 என்ற எண் புவியீர்ப்பை அடிப்படையாகக் கொண்டது. கொல்லிமலையில் ஆனாலும் பாஸ்டனில் ஆனாலும் புவியீர்ப்பு ஏறத்தாழ ஒன்றே. விலை கொடுத்து வாங்க வேண்டாத ஓர் எடைக்கல் அது! அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட குழந்தைகளைச் சோதிக்க, ராபர்ட் லோவெட் என்னும் மருத்துவரும் அவரோடு பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும் 1910களில் இத்தகைய முறையை வளர்த்தனர். பின்னர் 1943இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போர்க்காலத்தில் வெளியிட்ட 0–5 அளவு உலகெங்கும் பரவியது.

நம் வேலூரிலும் இத்தகைய கைச்சோதனைக்குப் பெருமைக்குரிய வரலாறு உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், 1940களின் இறுதியில், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு அறுவை மருத்துவம் செய்யத் தொடங்கினார். வலுவுள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தும் முறை அது. எந்தத் தசைக்கு எவ்வளவு வலு மிஞ்சியிருக்கிறது என்று முதலில் அளக்காவிட்டால் எதை மாற்றுவது? அறுவை முடிந்த பின்பு அந்தத் தசைக்கு அதன் புதிய வேலையைப் பயிற்றுவிப்பது யார்? இரண்டு இடத்திலும் பிசியோதெரபி தேவைப்பட்டது. அதே கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்தார். பின்பு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார்.

அழுத்தமும் அதன் அளவும்

இனி என் சிகிச்சைக்கு வருவோம். குப்புறப் படுக்க வைத்து, இடுப்பு முள்ளெலும்புகளின்மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மெல்ல மெல்ல ஊசலாட்டம் போல் அழுத்தினார். இதற்கும் படிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த ஜெஃப்ரி மெய்ட்லண்ட் (1924–2010) இத்தகைய அழுத்தங்களை வீச்சின் அளவையும், மூட்டின் அசைவு எல்லையில் அவை எங்கே நிகழ்கின்றன என்பதையும் கொண்டு நான்கு படிகளாகப் பிரித்தார். வலி மிகுந்திருந்தால் எல்லையைத் தொடாத சிறு வீச்சு. மூட்டு இறுகியிருந்தால் எல்லை வரை செல்லும் அழுத்தம். இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு அந்தப் பெண் என்னை எழுந்து மீண்டும் வளையச் சொன்னார். முன்பு முழங்காலைத் தொட்டு நின்ற விரல் இப்போது ஒரு சாண் கீழே இறங்கியது. அதையும் தாளில் குறித்தார்.

"குறையாதிருந்தால்?" என்று கேட்டேன்.

"நான் நினைத்தது தவறு என்று பொருள், சார். வேறு முறையைப் பார்ப்பேன்" என்றார்.

இந்த ஒரு விடைக்காகவே அவருக்கு நான் தலைவணங்கினேன். தன் கருத்து தவறாக இருக்கலாம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதைச் சோதிக்கும் வழியையும் கையில் வைத்திருப்பவரே அறிவியலாளர். அவரிடம் இருந்தது ஒரு கோணமானி, ஒரு சுத்தியல், இரண்டு கைகள். அவ்வளவுதான்.

எதிர்பாராத ஒன்றைக் காணும் கண்ணும் இத்துறைக்கு வேண்டும். நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி 1956இல் முதுகுவலிக்காரர் ஒருவரைப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குச் சென்றார். தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில் அவர் குப்புறப் படுத்து, முதுகு பின்னோக்கி வளைந்த நிலையில் சில நிமிடங்கள் கிடந்தார். தீங்கு நேர்ந்திருக்குமோ என்று மெக்கன்சி பதறினார். நோயாளியோ காலில் இருந்த வலி போய்விட்டது என்றார்! இந்தத் தற்செயலை ஒதுக்கிவிடாமல் ஆராய்ந்ததில் ஒரு பயிற்சி முறையே பிறந்தது.

முதுகை முறுக்கும்போது 'டக்' என்று ஒலி கேட்டால், 'எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது' என்று பலர் மகிழ்வர். அது சரியன்று. மூட்டுக்குள் வழுவழுப்பான ஒரு திரவம் உள்ளது. இரு எலும்புப் பரப்புகளும் திடீரென விலகும்போது அங்கே அழுத்தம் குறைந்து, ஒரு வளிக்குழி உண்டாகிறது. குழி தோன்றும்போது ஒலி எழுகிறது என்று 1947இல் இலண்டனில் செய்த ஆய்வு கூறியது. குமிழி உடையும்போதே எழுகிறது என்று 1971இல் மற்றோர் ஆய்வு மறுத்தது. 2015இல் கனடாவில் விரல் மூட்டைக் காந்த அதிர்வுப் படக்கருவிக்குள் வைத்து இழுத்துப் பார்த்தபோது, குழி தோன்றும் நேரத்திலேயே ஒலி எழுவது தெரிந்தது. ஒலியினால் எலும்பு இடம் மாறுவதும் இல்லை; ஒலி இல்லாவிட்டால் சிகிச்சை பயனற்றது என்பதும் இல்லை. கையால் அழுத்துவதால் வலி தற்காலிகமாகக் குறைவதற்கு, நரம்பு மண்டலம் வலியை உணரும் முறை மாறுவதே முதன்மையான காரணம் என்று இன்று கருதப்படுகிறது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி நோயாளியை அசையவும் பயிற்சி செய்யவும் வைப்பதே உண்மையான மருத்துவம். என் மருத்துவரும் அன்று பத்து நிமிடம் அழுத்தினார். இருபது நிமிடம் பயிற்சி கற்றுத் தந்தார்.

கையை நான் குறையற்ற கருவி என்று கூறவில்லை. எல்லாக் கருவிக்கும் பிழை உண்டு. ஒரே முதுகை இரு வல்லுநர்கள் தனித்தனியே தொட்டு, 'இந்த முள்ளெலும்பு இறுகியுள்ளது' என்று கூறும்போது அவர்களுடைய விடைகள் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 'எங்கே அழுத்தினால் நோயாளிக்கு வலிக்கிறது' என்பதில் ஒற்றுமை கூடுதல். ஆகவேதான் ஒரு சோதனையை மட்டும் நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். பிழையை அறிந்து பயன்படுத்தினால் எளிய கருவியும் போதும்.

மிதித்தால் ஏன் சரியாகிறது?

'அப்படியானால் காலால் பிறந்தவர் மிதித்துப் பலருக்குச் சரியாகிறதே, அது பொய்யா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. திடீரென வரும் இடுப்புப் பிடிப்பு, என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே நன்றாகக் குறைந்துவிடும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆளைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் பின் இறக்கம் வருவது இயல்பு. அந்த இறக்கத்தின் புகழை அப்போது அருகில் இருந்தவர் பெற்றுக்கொள்கிறார். உண்மையை அறிய வேண்டுமானால், பிடிப்பு வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் மிதிக்கச் செய்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இந்தக் கேள்வி பிசியோதெரபிக்கும் பொருந்தும். அதன் முறைகளும் அப்படித்தான் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. சில தேறுகின்றன, சில தோற்கின்றன.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அந்நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் அளித்தல், முறையான பயிற்சி, கையால் செய்யும் சில சிகிச்சைகள் ஆகியவை பயன்படலாம் என்றது. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுத்தல், கேளா ஒலி அலைச் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. பளபளக்கும் கருவிகளில் சில தோற்றன. பயிற்சியும் கையும் நின்றன. 'பெரிய மெஷின்' வைத்திருப்பதே நல்ல மருத்துவம் என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

நம் நாட்டு மரபில் தொக்கணம், வர்மம், எலும்புக் கட்டு என்று கையால் செய்யும் முறைகள் பல உள்ளன. அவற்றை இகழ்வது என் நோக்கம் அன்று. பாட்டியின் உப்பு ஒத்தடம் எனக்கு இதமளித்ததை நானே கூறினேன். மரபு முறையாயினும் புதிய முறையாயினும் நான் கேட்பது ஒன்றே: தொடுவதற்கு முன் அளந்தீர்களா? தொட்ட பின் மீண்டும் அளந்தீர்களா?

இந்தக் கேள்வி சில வேளைகளில் ஒரு காலையோ கையையோ காப்பாற்றும். முறிந்த முன்கையை மிக இறுக்கிக் கட்டினால் குருதி ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்தில் தசை மடியத் தொடங்கும். பின்னர் விரல்கள் நிலையாக மடங்கிப்போகும். ஜெர்மனியின் ரிச்சர்டு ஃபோல்க்மன் 1881இலேயே இதை விளக்கினார். கட்டுப் போட்ட பின் வலி கூடிக்கொண்டே போனாலும், விரல்கள் மரத்தாலும் வெளுத்தாலும் நீலம் பாய்ந்தாலும், விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஒரு சிறுவனின் முதுகு

இரண்டு மாதம் கழித்து, முகாமில் தொடங்கிய வேலையை முடிப்பதற்காக மீண்டும் அதே ஊருக்குச் சென்றேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுவன் பள்ளிக்கு வராமல் திண்ணையில் படுத்திருந்தான். பலா மரத்திலிருந்து வழுக்கி விழுந்தானாம்; முதுகு வலியாம்; மூன்று மாதமாக எண்ணெய் தேய்த்து நீவுகிறார்களாம். நான் மருத்துவன் அல்லன். ஆனால் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எனக்கு நினைவிருந்தன. இரவில் வலிக்கிறதா? "ராத்திரிதான் சார் அதிகம்." காய்ச்சல்? "சாயங்காலம் ஒடம்பு சுடும்." எடை? அவன் தாய் அவனுடைய பழைய சட்டையை எடுத்துக் காட்டினார். முன்பு பொருத்தமாக இருந்த சட்டை இப்போது தொளதொளவென்று இருந்தது.

நான் அவனைத் தொடவில்லை. "இனி யாரும் நீவ வேண்டாம், நாளைக்கே கீழே அழைத்துப் போங்கள்" என்று மட்டும் கூறினேன். கிராம செவிலியரும் துணை நின்றார். எக்ஸ்-கதிர்ப் படமும் பிற சோதனைகளும் எடுத்தனர். முதுகெலும்பில் காசநோய்! 1779இல் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் விவரித்த பழைய நோய் அது. கவனியாது விட்டால் முள்ளெலும்பு நொறுங்கிக் கூன் விழும். தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் செயலிழக்கவும் கூடும். மரத்திலிருந்து விழுந்ததற்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை. விழுந்த கதை, கேட்க வேண்டிய மற்றக் கேள்விகளை எல்லாம் மறைத்துவிட்டது.

நல்வாய்ப்பாக, இந்நோய்க்கு நல்ல மருந்து உண்டு. அரசு அதை இலவசமாகவே தருகிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம் 1970களில் தொடங்கி நடத்திய ஆய்வு, முதுகெலும்புக் காசநோய் உள்ளவர்களில் பெரும்பாலோரைப் பெரிய அறுவையின்றி, நடமாடவிட்டபடியே மருந்துகளால் குணமாக்க முடியும் என்று காட்ட உதவியது. நம் சென்னையில் கிடைத்த அறிவு, எழுபது வளைவுகளுக்கு மேல் இருந்த ஒரு சிறுவனைச் சென்று சேர வேண்டியிருந்தது. அவன் பல மாதங்கள் மாத்திரை விழுங்கினான். பின்பு பிசியோதெரபிப் பயிற்சியால் முதுகுத் தசைகளை வலுப்படுத்திக்கொண்டான். இன்று நிமிர்ந்து நடக்கிறான்.

என் கருத்து

உடல் உழைப்பால் வாழும் மக்கள் இருக்கும் இடத்திற்கே பயிற்சி பெற்ற கைகள் செல்ல வேண்டும் என்பதே என் கருத்து. வலியுள்ள முதுகோடு எழுபது வளைவுகள் இறங்கி வா என்று கூறுவது மருத்துவம் ஆகாது. எனக்கு அது தெரியும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. பாராட்டத்தக்க கருத்து. மலைகளில் வீட்டுக்கு வீடு தொலைவு மிகுதி; ஆகவே அங்கே இதற்கு ஆட்களும் நேரமும் கூடுதலாக ஒதுக்கப்பட வேண்டும். அதே 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, பிசியோதெரபி உள்ளிட்ட தொழில்களின் கல்விக்கும் பதிவுக்கும் தேசிய ஆணையம் அமைக்க வழி செய்தது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொண்டு முதுகை முறுக்கலாம் என்ற நிலை இதனால் மாற வேண்டும்.

அதோடு, வலி வந்த பின் அழுத்துவதைவிட, வலிக்குக் காரணமான உழைப்பைக் குறைப்பது மேல். கொல்லிமலைப் பெண்கள் சாமையை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்குவது கடுமையான வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலையின் ஊர்களில் சிறு தானிய அரவை இயந்திரங்களைக் கொண்டுவர உதவியபோது, அந்தப் பெண்களின் தோளும் முதுகும் ஓய்வு பெற்றன. அதுவும் ஒருவகைச் சிகிச்சையே என்பேன்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் சுமை தூக்குவோர், நாற்று நடுவோர், தறியில் அமர்வோர் இருப்பர். அவர்கள் வலி என்று கூறும்போது உடனே அழுத்த முற்படாதீர்கள். கேளுங்கள். இரவிலும் வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, கால் மரக்கிறதா, சிறுநீர் வழக்கம்போல் கழிகிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கேனும் 'ஆம், கோளாறு உண்டு' என்று விடை வந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இல்லையெனில், அவர்களைப் படுக்கையிலேயே கிடத்திவிடாமல் இயன்ற அளவு நடமாடச் செய்யுங்கள். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் அறிவுரையையும் கேளுங்கள்.

உங்களுள் சிலர் நாளை இத்துறையைத் தேர்ந்தெடுக்கலாம். இயற்பியல் பிடிக்கும் என்பவர்கள் குறிப்பாக எண்ணிப் பாருங்கள். நெம்புகோலும் விசையும் உராய்வும் உயிரோடு உங்கள் முன் வந்து நிற்கும். நான் மீண்டும் கொல்லிமலைக்குச் செல்லும்போது, அங்கே பணியாற்றும் ஒரு மாணவர் என் முதுகைத் தொடுமுன் தாளை எடுத்துக்கொண்டு, "எப்போதிலிருந்து சார் வலி?" என்று கேட்க வேண்டும். அந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன். மூட்டையைத் தூக்குவதானால், இம்முறை முழங்காலை மடக்கியே தூக்குவேன்.